பாண் ஓரங்களும் கச்சான் அல்வாவும்

புலம்பெயர்ந்து வந்து ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கயானாக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மா ஏதாவது விசேஷமாகச் சமைத்தால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எங்களுக்கும் கொண்டுவந்து தருவார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் மகளுடையது. அப்போது அவள் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, அடியில் ஒரு பிடி சீனி போட்டுத்தான் அவள் கையில் கொடுப்பாள்.

"ஏனம்மா சீனி? அவையிட்ட சீனி இல்லையோ?"

"இருக்கும். வெறும் ஏனத்தைத் திருப்பிக் குடுக்கக்கூடாது."

"குடுத்தா என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது. குடுக்கக்கூடாது, அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. யாரோ கிண்ணத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்திருப்பார். ஆனால் ஒருநாள் நாங்கள் புட்டுக் கொடுத்தனுப்பிய பெட்டி திரும்பி வந்தபோது உள்ளே இரண்டு தேசிக்காய்கள், பச்சை எலுமிச்சைகள், கிடந்தன. மகள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடி வந்தாள். "அம்மா, அவையும் பழகிட்டினம்!"

அவள் வளர்ந்து தனியாக வாடகைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாங்கள் பக்கத்து நகரமான மார்க்கத்துக்கு வீடு மாறி வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருவாள். நான் சமைத்த கறிகளைப் பிளாஸ்ரிக் பெட்டிகளில் கட்டிக் கொடுப்பேன். என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் மாறிமாறி வேலை நேரம் வருவதால் எங்கள் வீட்டில் சமையல் பெரும்பாலும் என்னுடையது. அடுத்த ஞாயிறு பெட்டிகள் திரும்பி வரும்போது ஒன்றில் ஒரு சொக்லேட் இருக்கும், அல்லது ஒரு தோடம்பழம், அல்லது அவளுடைய அலுவலகக் கூட்டத்தில் மிஞ்சிய பிஸ்கட். ஒருமுறை வெறும் தேயிலைப் பை ஒன்று. "வேற ஒண்டும் அம்பிடேல்லை அப்பா" என்றாள்.

அவள் படித்தது சுற்றுச்சூழல் பொறியியல். வேலை கிடைத்தது ஸ்காபரோவில் ஒரு சிறிய அமைப்பில். ஒரு தொழிற்சாலை கழிவென்று எறிவதை இன்னொரு தொழிற்சாலை மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்வதுதான் அவளுடைய வேலை. எறிகிறவர் எறிவதற்குப் பணம் கட்டுகிறார். இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் அதே பொருளைத் தூர இடத்திலிருந்து பணம் கொடுத்து இறக்குகிறார். ஒருவரை ஒருவர் தெரியாது என்பதுதான் குப்பை உண்டாவதற்குக் காரணம் என்று அவள் சொல்வாள்.

"அப்ப நீ கலியாணப் புறோக்கர்" என்றாள் மனைவி.

"ஓம் அம்மா."

"சாதகம் பாக்கிறியோ?"

"பாக்கிறன். ஈரம், உப்பு, எண்ணெய் எல்லாம் பாக்கிறன்."

"பொருந்தினா?"

"லோயர்மார் வருவினம்."

கம்பனிக்காரர்களுக்கு இதை விளக்கப் போகும்போது அவள் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவாள். மேசையில் அதை வைத்து, பக்கத்து வீட்டு அம்மாவையும் சீனியையும் தேசிக்காயையும் பற்றிச் சொல்லித்தான் தொடங்குவாளாம். எந்தப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்பாத ஒரு தெருவை உருவாக்குவோம் என்பாளாம். கோட்டும் சூட்டும் போட்டவர்கள் சிரிப்பார்களாம். அதற்குப் பிறகு எண்ணெய், அட்டைப்பெட்டி, சூடான தண்ணீர் என்று பேசினால் காது கொடுத்துக் கேட்பார்களாம்.

நான் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் காப்புறுதி அலுவலகம் ஒன்றில், இன்சூரன்ஸ் பணம் கேட்டு வருகிற விபத்துக் கோரிக்கைகளைப் படிப்பவன். நடந்து முடிந்த கெட்டதைப் பகல் முழுவதும் படித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன். படிக்கட்டு எப்படி வழுக்கும், சட்டிக்குள் எண்ணெய் எப்படிப் பற்றும், பாரந்தூக்கி எப்படிப் பின்னால் வந்து மோதும் என்று எனக்குத் தெரியும். மகள் தொழிற்சாலைகளுக்குள் போய்வரத் தொடங்கியதிலிருந்து நான் அவளுக்குச் சொல்லும் கடைசிச் சொல் எப்போதும் ஒன்றுதான். "கவனம், பிள்ளை." அவள் அதற்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டுவாள்.

அவள் வேலை செய்த தெருவில் ஒரு பெரிய பாண் தொழிற்சாலை, பிரெட் செய்கிற இடம், இருந்தது. பாணை வெட்டும் இயந்திரம் ஒவ்வொரு பாணிலும் இரண்டு பக்க ஓரங்களையும் தனியே தள்ளிவிடுகிறது. அந்த ஓரங்கள் குப்பை நசுக்கும் இயந்திரத்துக்குள் போகின்றன. அவள் கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்து எங்களுக்குக் காட்டினாள். மண்ணிறமான ஓரங்கள் மழைபோல விழுந்துகொண்டே இருந்தன.

"இது சாப்பாடு அப்பா" என்றாள். "பழுதாப்போன சாப்பாடு இல்லை. காலமை சுட்ட பாண்."

யாரிடம் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. பன்றிப் பண்ணை தூரம். அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு கண்டிப்பான விதியும் இருந்தது. அவர்களுடைய பாண் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. கச்சான், கஜு, பாதாம் என்று பருப்பு வகை எதுவும் அந்தக் கட்டிடத்துக்குள் வரக்கூடாது. கச்சான் என்று நாங்கள் சொல்வது நிலக்கடலையை. அதன் தூசு பட்டாலே மூச்சடைத்துப்போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் ஓரங்களை எடுக்கிற இடமும் பருப்பு வகை புழங்காத இடமாக இருக்கவேண்டும்.

அப்போதுதான் எனக்கு ரோல்ஸ் செய்கிற அக்கா ஒருவரின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுப் பிறந்தநாள்களுக்கெல்லாம் ரோல்ஸ் எடுப்பது அவரிடம்தான். மன்னார்க்காரர். வீட்டு நிலவறையில் தொடங்கியவர், இப்போது ஸ்காபரோவிலேயே ஒரு தொழிற்கூடம் எடுத்து, பெண்களை வேலைக்கு வைத்து ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் செய்கிறார். பொரிக்கிற அடுப்புக்கு எதிரே மாதா படம். ரோல்ஸின் மேலே பிரட்டுகிற பாண் தூளை அவர் மூட்டைக் கணக்கில் வாங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

மகளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"வாங்கோ தம்பி. உது ஆர், மகளோ? நல்லா வளந்திட்டா."

"அன்ரி, நீங்கள் பாண் தூள் எங்க வாங்கிறீங்கள்?"

"மிசிசாகாவில இருந்து வருது பிள்ளை. மணமும் இல்லை, ருசியும் இல்லை. மரத்தூள் எண்டு சொல்லி வித்தாலும் நம்பலாம்."

மகள் ஒரு பையை எடுத்து மேசையில் கொட்டினாள். அக்கா ஒரு ஓரத்தை எடுத்து முகர்ந்தார். விரல்களுக்கு இடையே வைத்து நொறுக்கிப் பார்த்தார்.

"உதை என்ன செய்யினம்?"

"எறியினம், அன்ரி."

"எறியினமோ? விசர் பிடிச்சதுகளோ அதுகள்?"

பேச்சு அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. பருப்பு வகை எதுவும் அந்தக் கூடத்துக்குள் வருவதில்லை, இனியும் வராது என்று அக்கா ஒத்துக்கொண்டார். புறப்படும்போது அக்கா ஒரு தட்டில் ரோல்ஸ் வைத்து நீட்டினார். மகள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். "நோ நோ அன்ரி, வேண்டாம். நான் இப்பதான் சாப்பிட்டனான்." அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. தட்டை அவள் கையில் திணித்துவிட்டு மிளகாய்ச் சோஸ் எடுக்கப் போனார். மகள் நாலையும் சாப்பிட்டாள். சோஸ் மணிக்கட்டு வரை வழிந்தது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "வேண்டாமாம்."

அந்தத் தட்டை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஏற்பாடு நடந்தது. தள்ளிக்கொண்டு போகச் சில்லு வைத்த நீலத் தொட்டிகள் மூடியோடு வாங்கினார்கள். பாண் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரத்தின் கீழேயே தொட்டி நிற்கும். நிறைந்ததும் அக்காவின் கூடத்துக்குப் போகும். அங்கே ஓரங்களைக் காயவைத்து அரைப்பார்கள். தொட்டிகளைக் கழுவி உலரவைத்து அடுத்த நாள் திருப்பி அனுப்புவார்கள். அக்காவின் பொரித்த எண்ணெய் அதே தெருவில் சவர்க்காரம், அதாவது சோப்பு, செய்கிற ஒருவருக்குப் போகத் தொடங்கியது. சவர்க்காரக்காரரின் பெரிய அட்டைப்பெட்டிகள் இன்னொருவருக்கு. இப்படி அந்தத் தெருவில் ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டு போனாள். முதல் பனிக்காலத்தில் தானே தொட்டியைத் தள்ளிக்கொண்டு பனிக்கட்டியில் நடந்ததைக் கேட்டு எனக்கு இரவில் நித்திரை வரவில்லை. சப்பாத்துக்கு அடியில் முள்ளு வைத்த பட்டி வாங்கிக் கொடுத்தேன். போட்டாளோ தெரியாது.

அவள் மகிழ்ச்சியாக இருந்த காலம் அது. அதை எழுதாமல் விடக்கூடாது. கடையில் நின்றால் கட்லட்டை எடுத்து வெளிப்பக்கத்தைச் சுரண்டிக் காட்டி, "இது என்ர" என்பாள். அக்காவின் ரோல்ஸ் முன்பைவிட மொறுமொறுப்பாக இருந்தது உண்மை. அக்காவும் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு ஞாயிறு மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். பாண் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போன தொட்டி ஒன்றைத் திறந்தால் உள்ளே சுடச்சுட ரோல்ஸ் பொட்டலமாம். அங்கே வேலை செய்கிறவர்கள் வெளியே கொண்டுபோய் வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒருவருக்கும் மூச்சுவிடவில்லையாம். இது மூன்றாவது நாலாவது முறையாக இருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரியவந்ததாம்.

"அக்கா வெறும் தொட்டி அனுப்பமாட்டா" என்றாள் மனைவி, பெருமையாக.

"தெரியும் அம்மா. ஆனா ரூல் இருக்கு. தொட்டி உள்ளுக்குப் போறது."

எங்கள் சமையலறையிலேயே நின்று அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள். சத்தத்தை எல்லாருக்கும் கேட்க விட்டாள்.

"அன்ரி, ரோல்ஸுக்கு தாங்ஸ். ஆனா தொட்டிக்குள்ள ஒண்டும் வைக்காதேங்கோ. வெறுமையா வரவேணும். ஒண்டும் வேண்டாம், ப்ளீஸ்."

"ஓம் பிள்ளை, ஓம்."

"ப்ரொமிஸ்?"

"ஓமெண்டு சொல்லிறனெல்லோ. நீ சாப்பிட்டியோ?"

அவள் பள்ளிக்கூடத் தமிழில், பணிவாக, சிரித்தபடி சொன்னாள். அவளுக்கு வேறு விதமாக ஒரு பெரியவரிடம் சொல்லத் தெரியாது. அக்காவும் பணிவாக ஒத்துக்கொண்டார். சில வாரங்கள் தொட்டிகள் வெறுமையாகத்தான் போயின.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அவளுடைய அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவள் என்னைக் கூப்பிடுவதில்லை. எழுந்து நடைவழிக்குப் போய் எடுத்தேன்.

"அப்பா, கச்சான் அல்வாவில என்ன என்ன இருக்கு?"

கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. காலும் கையும் முழுசாக இருக்கிறவள்தான் இப்படிக் கேட்பாள். "கச்சான், சீனி, கொஞ்சம் நெய். ஏன், செய்யப்போறியோ?" என்றேன்.

"கச்சான் எண்டா பீனட்தானே?"

"ஓம்."

"வேற ஒண்டும் இல்லைதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. கஜு மாதிரி ஏதும்?"

"இல்லை பிள்ளை. என்ன நடந்தது?"

"ஓகே" என்றாள். அவளுக்குப் பின்னால் ஏதோ பெரிய வாகனம் பின்னுக்கு வருகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

மேலாளரிடம் சொல்லிவிட்டு மார்க்கத்திலிருந்து ஸ்காபரோவுக்கு ஓட்டினேன். பாண் தொழிற்சாலையின் கம்பி வேலிக்கு வெளியே காரை நிறுத்தினேன். உள்ளே விடமாட்டார்கள். வேலி வழியே சாமான் ஏற்றி இறக்கும் மேடை நன்றாகத் தெரிந்தது. மகள் அங்கே வெள்ளைத் தலைக்கவசத்தோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் என்று பிறகு அறிந்தேன். இரண்டு பேர் தட்டு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து குப்பை நசுக்கும் இயந்திரத்துக்குள் கொட்டினார்கள். அவை முழுப் பாண்கள், பையில் போட்டுக் கட்டிய, விற்பனைக்குத் தயாரான பாண்கள். ஒரு வண்டி போனால் இன்னொன்று வந்தது. காற்றில் சூடான பாணின் மணம். பசி எடுக்கிற மணம் அது.

நடந்தது இதுதான். அன்று காலை திரும்பி வந்த தொட்டியின் அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. வழக்கமான ரோல்ஸ் என்று நினைத்து ஒருவர் தொட்டியைச் சரித்து எடுத்திருக்கிறார். பொட்டலம் பிரிந்து கச்சான் அல்வாத் துண்டுகள் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிலமெங்கும் சிதறின. சில, தொட்டியின் சில்லுக்கு அடியில் நொறுங்கின. என்னவென்று உணர்ந்த அதே ஆள்தான் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். எந்தப் பாணில் தூசு பட்டது, எதில் படவில்லை என்று ஒருவராலும் சொல்லமுடியாது. காலையிலிருந்து செய்த அத்தனை பாணையும் எறிவதைத் தவிர வழி இல்லை. எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு துண்டுப் பாண்கூட வெளியே போயிருக்கவில்லை. இதை நான் முதலிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அந்த மணித்தியாலங்களில் எங்களுக்கு அது தெரியாது. எனக்கோ, அப்படி ஒன்று வெளியே போயிருந்தால் அடுத்து என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொரு படியாகத் தெரியும்.

வேலை முடிந்து அவள் என் காருக்குள் வந்து ஏறினாள். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"சும்மாதான்."

"எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லிச்சினம். விட்னஸ் ஆளாம்." இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினாள். "மூண்டு வருசமா ஓரம் ஓரமாக் காப்பாத்தினது அப்பா. எல்லாம் ஒரு மத்தியானத்தில போச்சு."

அழுதிருந்தால் என்னால் ஏதாவது செய்ய முடிந்திருக்கும். அவள் அழவில்லை.

அடுத்த நாள் அக்காவின் கூடத்துக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன். அடுப்பு எரியவில்லை. அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். ஒரு பெரிய கடைத்தொகுதி அவருடைய ரோல்ஸை விற்க ஒத்துக்கொண்டிருந்ததாம். அந்தச் சந்தோசத்துக்கு வீட்டில் கச்சான் அல்வா கிண்டி, கோயிலில் கொடுத்து, சொந்தக்காரருக்குக் கொடுத்து, பாண்காரருக்கும் ஒரு பொட்டலம் வைத்தாராம்.

"அவையின்ர பாண் தூளாலதானே தம்பி எனக்கு அந்த ஓடர் வந்தது. அவையை விட்டிட்டு நான் எப்பிடி இனிப்புக் குடுக்கிறது?"

"பிள்ளை வைக்க வேண்டாமெண்டு சொன்னவளெல்லோ, அக்கா?"

"சொன்னவ." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாமெண்டுதான் சொல்லுவினம் தம்பி. ஆர்தான் தாங்கோ எண்டு கேக்கிறது? முதல் நாள் இங்க நிண்டு ரோல்ஸும் வேண்டாமெண்டு சொன்னவ. பிறகு நாலு சாப்பிட்டவ. வளர்ப்புச் சரியான பிள்ளை எண்டு நான் நினைச்சன்."

அக்கா வாளியிலிருந்து எழுந்தார்.

"கூடத்துக்குள்ள கச்சான் கொண்டுவரக்கூடாதெண்டு எனக்குத் தெரியும். நான் வீட்டிலதான் செய்தனான். கையைக் கழுவித்தான் கட்டினனான். அதென்ன பாணுக்குள்ள போடவோ குடுத்தனான்? ஆக்கள் சாப்பிடத்தானே." பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் போய்க் கதைக்கிறன். கொஞ்சம் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போய் அந்த மேலாளர் மனிசியிட்ட மன்னிப்புக் கேக்கிறன்" என்றார்.

"அக்கா" என்றேன். "ஒண்டும் கொண்டுபோகாதேங்கோ."

கோபத்தோடு போனவன், வெளியே வந்து காருக்குள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரைக் குற்றம் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. நான் படிக்கும் கோரிக்கைகளில் யாருடைய பிழை என்று எழுத ஒரு இடம் இருக்கும். அதில் நான் எப்போதும் எதையாவது எழுதிவிடுவேன்.

பாண் தொழிற்சாலை ஒரு கூட்டம் வைத்தது. தெருவில் சேர்ந்திருந்த மற்றக் கம்பனிகளையும் அழைத்தது. அந்த ஒரு கூட்டத்தில்தான் எல்லாம் நிற்பதா போவதா என்பது இருந்தது. மகள் அதற்காக இரண்டு வாரம் உழைத்தாள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற தொட்டிகள், மூடிக்கு முத்திரை, வாசலிலேயே வைத்துத் திறந்து பார்க்கிற முறை, இரண்டு இடத்துக்கும் தனித்தனித் தொட்டி. எங்கள் சாப்பாட்டு மேசையில் தேநீர்க் கோப்பைகளை நகர்த்தி நகர்த்தி எனக்கு விளங்கப்படுத்தினாள். காப்புறுதிக்காரனாக நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. இது நிற்கும் என்று எனக்கும் நம்பிக்கை வந்தது. போகும்போது "கவனம், பிள்ளை" என்று சொல்லவில்லை. "நல்லாச் செய்" என்றேன்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை அவள் ஒருதடவைதான் சொன்னாள். அவள் சொன்னதை எல்லாரும் கேட்டார்களாம். நல்ல திட்டம் என்றார்களாம். பிறகு அந்தத் தர மேலாளர் பேசினாராம். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர் என்று மகளே சொன்னாள். "உங்கள் தாயாரின் கிண்ணத்தைப் பற்றி முதல் நாள் சொன்னீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. என் வீட்டில்கூட அதைச் சொன்னேன். வெறுமையாகத் திருப்பித் தராதவர்கள் என்று நீங்கள் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறீர்கள். நான்தான் அதை அழகான கதை என்று நினைத்துவிட்டேன். எச்சரிக்கை என்று எடுத்திருக்கவேண்டும்."

அதற்கு என்ன பதில் சொன்னாய் என்று மனைவி கேட்டாள்.

"என்னத்தைச் சொல்ல? அவ சொன்னது சரிதானே."

தொழிற்சாலை செய்தது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். அவர்களுடைய பாணைத் தின்னும் பிள்ளைகளுக்கு எங்கள் கிண்ணத்தைப் பற்றி ஒன்றும் தெரியவேண்டிய அவசியமில்லை. ஆனால் சரியாக நடந்த ஒன்று இவ்வளவு வலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாண்காரர் விலகியதும் சவர்க்காரக்காரர் தன் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு விலகினார். அட்டைப்பெட்டிக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்து நின்றவர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். கோடை முடிவதற்குள் அவளுடைய அமைப்பு அந்தத் திட்டத்தை மூடியது. கண்ணாடிக் கிண்ணம் ஒரு பெட்டிக்குள் அவளுடைய காலணி, கோப்பைகளோடு திரும்பி வந்தது.

அக்கா மறுபடியும் மிசிசாகா பாண் தூளுக்குப் போய்விட்டார். கடைத்தொகுதியின் ஓடர் அவருக்கு நிலைத்தது. அதில் எனக்கு ஆறுதல். போன மாதம் தமிழ்க் கடையில் மரக்கறிப் பகுதியில் கண்டேன். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை என்னோட கோவமோ, தம்பி?"

"இல்லை அக்கா. உங்கள்மேல ஒரு கோவமும் இல்லை."

"கோவமெண்டா வந்து ஏசியிருப்பா" என்றார். "அப்ப கோவமில்லைத்தான்." அதை அவர் சொன்ன விதத்தில், கோபமாவது இருந்திருக்கலாமே என்று அவர் ஆசைப்பட்டது தெரிந்தது.

மகள் இப்போது குப்பை அகற்றும் ஒரு கம்பனியில் வேலை செய்கிறாள். எந்த லொறி எந்தத் தெருவால் போகவேண்டும் என்று கணினியில் வகுப்பது. சம்பளம் கூட. தொழிற்சாலைக்குள் போகவேண்டியதில்லை. பனியில் நடக்கவேண்டியதில்லை. பாண் ஓரங்களும் அந்த லொறிகளில்தான் போகின்றனவா என்று ஒருநாள் கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். எங்களோடு சிரித்துப் பேசுகிறாள். தாய் ஏதாவது எடுத்து நீட்டினால் "வேண்டாம்" என்கிறாள். அவள் வேண்டாம் என்றால் இப்போது அது வேண்டாம்தான். மனைவி ஒருதடவை திணித்துப் பார்த்தாள். மகள் தட்டை எடுத்து மெதுவாகத் திரும்ப மேசையில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் திணிப்பதில்லை.

அவள் பிறந்த நாளிலிருந்து நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான். கவனமாக இரு என்பது. இப்போது அவள் கவனமாக இருக்கிறாள். யாருக்கும் எதையும் யோசிக்காமல் கொடுப்பதில்லை, யாரிடமிருந்தும் யோசிக்காமல் வாங்குவதில்லை. இவ்வளவு கவனமாக ஒரு பிள்ளை இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போன ஞாயிறு நான் கொடுத்தனுப்பிய பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, மூடிகளைத் தனியாக வைத்து. நான் அவற்றை அலுமாரிக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கறி மணம்கூட இல்லை. மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

"என்ன தேடுறீங்கள் அப்பா?" பின்னால் அவள் நின்றாள்.

"ஒண்டுமில்லை. பெட்டி எல்லாம் இருக்கோ எண்டு பாத்தனான்."

"இருக்கு. எல்லாம் கழுவித் துடைச்சுத்தான் கொண்டுவந்தனான்."

"ஓம்" என்றேன். "நல்ல சுத்தமா இருக்கு, பிள்ளை."

அடுப்பில் கோழிக்கறி ஆறிக்கொண்டிருந்தது. அவள் எடுத்துப்போக ஒரு பெட்டியை எடுத்து நிரப்பத் தொடங்கினேன்.